மரத்தில் வைத்த கை

ஹூப்ளி
9 ஜூன் 2024

ஷாலினி அப்பாவுக்கு,

யசோதா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரை பயந்துகொண்டே படிப்பீர்கள். பங்காருபேட்டையில் நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயிலோடு நடந்து வந்ததை எதிர் சீட்டு அம்மா பார்த்துவிட்டார். "புதுசா கல்யாணம் ஆனவங்களா?" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். "பேரப்பிள்ளை எடுக்கப் போறேம்மா. அவருக்குக் காது கேக்காது, ரயில் கூவினது தெரியாம நடக்கிறாரு" என்றேன். அதன் பிறகு வழியெல்லாம் எனக்கு ரொட்டி கொடுத்துக்கொண்டே வந்தார். பாவம் என்று நினைத்திருப்பார்.

ஷாலினிக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. ரத்த அழுத்தம் கூடுதல், கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் ஷிப்ட் வேலை. ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தேன், பிரசவம் முடியும் வரை நகர முடியாது போலிருக்கிறது. "அப்பாவுக்கு மெசேஜ் போட்டுடும்மா" என்கிறாள். உங்கள் பட்டன் போனில் தமிழ் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாகத்தானே வரும். அதனால்தான் காகிதமும் தபால்காரரும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சரோஜம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மிக் குழவியால் நடுச்சுவரைத் தட்டுவார். நம் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது, சுவரில் கை வைத்தால் தெரியும். தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். மரம் அறுக்கும் மிஷினை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியையும் சரோஜம்மாவிடம்தான் கொடுத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அறுக்க, பின்னால் மூங்கில் கழியோடு நான் நிற்க, மரம் முறிகிற சத்தம் கேட்டதும் தோளில் இடிக்க, நீங்கள் எழுந்து விலகி வர, இப்படித்தானே இத்தனை வருஷம் ஓடியது? கழி இப்போது கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அதற்கு உங்களைப் போலவே காது கிடையாது.

அந்தக் கெட்ட பழக்கத்தையும் நான் மறக்கவில்லை. பாதி அறுத்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை மரத்தில் வைத்துக்கொண்டு நிற்பீர்களே, அதைச் சொல்கிறேன். அதற்காக என்னிடம் கழியால் வாங்கியது போதாதா? நான் வரும் வரை மிஷினைத் தொடக் கூடாது. தொட்டால் சரோஜம்மா எனக்குப் போன் போட்டுவிடுவார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
யசோதா


தங்க வயல்
16 ஜூன் 2024

யசோதாவுக்கு,

கடிதம் வந்தது. பாப்பாவின் கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது.

சுவர் தட்டுவது தெரிகிறது. முதல் நாள் இரண்டு முறை தட்டிவிட்டு சரோஜம்மா நேரில் வந்துவிட்டாள். இப்போது முன்னாலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் மிளகாய் அரைப்பது, அவள் புருஷன் ராஜப்பா கதவைச் சாத்துவது எல்லாம் தெரிகிறது. நல்ல பொழுதுபோக்கு.

காது போய் எவ்வளவோ காலம் ஆயிற்று, பழகிவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீ இருந்தால் உன் முகத்தைப் பார்த்தே பாதி கேட்டுவிடும். இப்போது வீட்டில் பார்ப்பதற்கு முகம் இல்லை. டீக்கடைக்குப் போனால் எல்லோரும் என்னைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறக்கிறார்கள், பிறகு அவர்களுக்கே சலித்துப்போய்ப் பக்கத்து ஆளோடு பேசப் போய்விடுகிறார்கள். நேற்று மாரிக்குப்பம் ஸ்டேஷன் வரை நடந்து, பெங்களூர் வண்டி வரும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூண் அதிர்ந்தது. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன் என்றால் நீ சிரிப்பாய்.

மிஷின் ஓடும்போது மட்டும்தான் எனக்கு ஏதோ கேட்கிறது, யசோதா. காதில் இல்லை, கையில். உன்னிடம் இதை நான் சொன்னதில்லை.

பங்களாவைப் பார்த்துக்கொள்கிற டக்ளஸ் வந்தார். நந்திதுர்க் பக்கம் பழைய பங்களாவின் தைல மரங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் மேல் சாய்ந்து நிற்கின்றன. ஆடிக் காற்றுக்கு முன்னால் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டின் மேல் விழும் என்று காலண்டர் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். கழி பிடிக்க ராஜப்பா வருகிறேன் என்கிறான். அவனுக்குக் காதில் ஒரு பிழையும் இல்லை. அடுப்படியில் சரோஜம்மா முணுமுணுப்பதுகூடக் கேட்டுத் தொலைக்கிறது என்று எழுதிக் காட்டினான்.

நீ சொன்னால் செய்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.

சின்னப்பா


ஹூப்ளி
22 ஜூன் 2024

ஷாலினி அப்பாவுக்கு,

வேண்டாம் என்று எழுதி, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதாக எழுதினீர்களே, அதைப் படித்த பிறகு வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை. லைன் வீடுகளில் குழந்தைகளும் இருக்கிறார்கள். சரி, செய்யுங்கள். சரோஜம்மாவிடம் சாவியைக் கொடுக்கச் சொல்கிறேன்.

ஆனால் கோலாரில் மிஷின் வாங்கிய கடையில் வாணி மேடம் ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினாரே, அதில் ஒரு எழுத்து குறையக் கூடாது. நீங்கள் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டினீர்கள், பாடம் கேட்டவள் நான்தான். மிஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுங்கள். தொடையில் தூக்கி வைத்து ஸ்டார்ட் பண்ணுகிற பந்தா எல்லாம் வேண்டாம். இரண்டு அடி நடப்பதாக இருந்தாலும் செயின் பிரேக்கைப் போட்டுவிட்டு நடங்கள். பிளேடு நுனி மட்டும் எதிலும் படவே கூடாது, பட்டால் மிஷின் முகத்துக்கே துள்ளி வரும். இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள், சூடு தணிகிற நேரத்தில் ஒரு டீ குடிக்கலாம்.

மரம் எவ்வளவு உயரமோ அதில் இரண்டு பங்கு தூரத்துக்கு வேறு ஆளே நிற்கக் கூடாது. டக்ளசுக்கும் சேர்த்துத்தான். கழி பிடிக்கிறவர் மட்டும் பின்னால், நேர் பின்னால் இல்லை, சாய்வாக. வாணி மேடம் அதற்கும் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அவரோட காது நான்தான், எங்கே போய் நிக்கட்டும்?" என்று நான் சண்டை போட்ட பிறகுதான் அரை மனதாகத் தலையாட்டினார். ஓடுகிற பாதையை முதலில் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் மிஷினைத் தொட வேண்டும். ராஜப்பா அண்ணன் என் மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளட்டும்.

தோளில் இடித்தால் வந்துவிட வேண்டும். இடித்தது நானில்லை என்பதற்காக மெதுவாக வரக் கூடாது.

யசோதா


தங்க வயல்
3 ஜூலை 2024

யசோதாவுக்கு,

ஒரு மரம் இறக்கினேன். நல்லபடியாக இறங்கியது.

நீ எழுதியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். முந்தின நாளே செயினுக்கு அரம் போட்டுவிட்டேன். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே மாதிரி மூன்று இழுப்பு. செயினைக் கொஞ்சம் தளர்த்தி, பிறகு இறுக்கி, கையால் இழுத்தால் ஓடுகிறதா என்று பார்த்தேன். புதர் எல்லாம் வெட்டி ஓடும் பாதை போட்டோம். டக்ளஸ் கிட்டே வந்தபோது ராஜப்பா கழியைக் காட்டி விரட்டினான். அவர் ரோட்டுக்கே போய்விட்டார்.

விழ வேண்டிய பக்கம் வாய் வெட்டினேன், மரத்தின் தடிமனில் கால் பங்கு. பிறகு பின்னாலிருந்து அறுத்தேன். நடுவில் கீல் மாதிரி கொஞ்சம் கட்டையை விட்டுவைத்தேன். ஆப்பு அடித்தேன். மரம் பேச ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் அறுத்தேன், நன்றாகப் பேசியது. ராஜப்பா இடித்தான், வந்துவிட்டேன். ரோட்டோரமாக அழகாகப் படுத்தது. லைன் வீட்டு ஜனங்கள் கை தட்டினார்கள். கை தட்டுவது எனக்குத் தெரியும், பார்க்கலாம்.

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். ராஜப்பா உன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வீடு வரை வந்தான். சரோஜம்மா வாசலிலேயே வைத்துச் சிரித்தாள்.

மற்ற மரங்களையும் இறக்கச் சொல்கிறார் டக்ளஸ். உன் பதில் வந்ததும் செய்கிறேன். பாப்பாவைப் பற்றி எழுது.

சின்னப்பா


ஹூப்ளி
14 ஜூலை 2024

ஷாலினி அப்பாவுக்கு,

நமக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மாதம் நிறையாமல் வந்துவிட்டாள். ரத்த அழுத்தம் ஏறி ஷாலினிக்கு வலிப்பு வரும் போல ஆகிவிட்டது, அவசரமாக ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். என் உள்ளங்கை அளவுதான் முதுகு. உள்ளே போக என்னை விடவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். ஷாலினி பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். குழந்தையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

உங்களிடம் சொல்லி அழக்கூட முடியாத தூரத்தில் இருக்கிறேன். இந்த நிலையில் உங்கள் கடிதத்தைப் பிரித்தால், "மரம் பேச ஆரம்பித்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் பேசியது? உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கையை வைத்திருக்கிறீர்கள். மிஷினை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, வைத்திருக்கிறீர்கள். பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டதில் இது ஒரு லாபம்.

சுரங்கத்துக்கு உள்ளே நீங்கள் டிம்பர் கேங்கில் இருந்தவர். பாறைக்கு முட்டுக் கொடுத்த கட்டை முனகினால் ஓடாமல், அதன் மேல் கையை வைத்து எந்தப் பக்கம் பாரம் இறங்குகிறது என்று பார்த்து, அந்த முட்டை ஒட்டியே நிற்பீர்கள். அப்படி நின்றதால்தான் அந்தப் பாறை வெடிப்பில் காதோடு போயிற்று, உயிர் மிஞ்சியது. கல்யாணமான புதிதில் இதை எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அங்கே கட்டைதான் கூரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே விழப்போவதே அந்தக் கட்டைதான். முனகினால் அதைவிட்டு ஓட வேண்டும். இதைக்கூட நான் சொல்லித் தர வேண்டுமா?

வாணி மேடம் சொன்ன இன்னொன்றை முன்பே எழுதாமல் விட்டுவிட்டேன். சாய்ந்த மரத்தைப் பாதி அறுத்துவிட்டு நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் பாரம் தாங்காமல் அடியிலிருந்து மேலே நெடுக்காகப் பிளக்கும், பிளந்த துண்டு பின்பக்கமாக எகிறி அடிக்கும். நீங்கள் கை வைத்துக் கேட்பதற்காக நிறுத்துகிற அந்த நேரம்தான் அதற்கு வேண்டிய நேரம்.

மாப்பிள்ளையிடம் சொல்லித் தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி வாங்கி அனுப்பியிருக்கிறேன். ரயில்வேயில் வெல்டிங் ஆட்கள் போடுவது. மணிக்கட்டில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அதைக் கழற்ற மாட்டேன் என்று எனக்கு எழுதுங்கள். எழுதினால்தான் மற்ற மரங்கள்.

இங்கே ஒரு உயிர் கண்ணாடிக்குள் இருக்கிறது. அங்கே இன்னொன்றுக்கும் என்னால் காவல் நிற்க முடியவில்லை. தயவுசெய்து.

யசோதா


தங்க வயல்
23 ஜூலை 2024

யசோதாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நேராகப் புத்த விகாருக்குப் போனேன். பௌர்ணமி இல்லை, யாரும் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். பாப்பா எழுந்து உட்கார்ந்தாளா? குழந்தை எடை ஏறியதா? நான் வரட்டுமா என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நான் வந்து என்ன செய்வேன், ஒவ்வொன்றையும் எனக்கு எழுதிக் காட்டவே உனக்கு நேரம் போய்விடும்.

ஒன்று கேட்க வேண்டும். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்த்தார்களா? மாதம் நிறையாத குழந்தைகளுக்குச் சில சமயம் அது வராமல் போகும் என்று இங்கே நர்ஸ் ஒருத்தி எழுதிக் காட்டினாள். என்னுடையது பிறவியில் வந்ததில்லை, அதனால் தொத்தாது. இருந்தாலும் பார்க்கச் சொல்.

கையுறை வந்தது. நல்ல தோல். போட்டால் கைக்குள் விரல் இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிறது. நீ சொன்னபடி எழுதுகிறேன். கையுறையைக் கழற்ற மாட்டேன். மரத்தில் கை வைக்க மாட்டேன். ராஜப்பா இடித்தால் வந்துவிடுவேன்.

காற்று ஆரம்பித்துவிட்டது. வீடுகளை ஒட்டினாற்போல் நிற்கிற பெரிய மரம் ஆடுகிறது. டக்ளஸ் அந்த வீட்டு ஆட்களை வேறு இடத்தில் தூங்கச் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் இறக்கிவிடுவோம்.

குழந்தைக்கு அமலா என்று வைத்தால் என்ன? பாப்பாவுக்குப் பிடித்தால்.

சின்னப்பா


ஹூப்ளி
30 ஜூலை 2024

சரோஜம்மா போன் பண்ணினார். முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது. உங்களுக்குத்தான் என்று நினைத்து நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். "இவரு போய்ட்டாரு யசோதா, உன் எடத்துல நின்னுகினு இருந்தாரு" என்றார். பிறகு பக்கத்திலிருந்து யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். வேறு யாரும் சொல்ல வேண்டாம், நீங்கள் எழுதுங்கள். கையுறை கையில் இருந்ததா?

யசோதா


தங்க வயல்
5 ஆகஸ்ட் 2024

யசோதாவுக்கு,

இடது கையில் இருந்தது. வலது கையுறை பெல்ட்டில் இருந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். பாதை போட்டோம். லைன் வீட்டு ஆட்களைத் தெருக்கோடிக்கு அனுப்பினோம். வாய் வெட்டினேன். பின்னாலிருந்து அறுக்க ஆரம்பித்தேன். அந்தக் கையுறை தடிமன், யசோதா. மிஷின் ஓடுவதே கையில் சரியாகத் தெரியவில்லை. எப்போதும் எனக்குத் தெரிகிற அந்தக் கொஞ்சமும் இல்லை. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. தலைக்கு மேலே அத்தனை பெரிய மரம் ஆடுகிறது, நான் ஒரு பெட்டிக்குள் அடைத்தவன் மாதிரி நிற்கிறேன். பயம் வந்துவிட்டது. ஒரே ஒரு முறை, எந்தப் பக்கம் பாரம் என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

மிஷினை நிறுத்திப் பிரேக் போட்டுத் தரையில் வைத்தேன். கையுறையைக் கழற்றிக் கையை வைத்தேன். மரம் பேசியது. சுரங்கத்துக்கு அடியில் முட்டு பேசுமே, அதே மாதிரி. அதை விட்டு வர எனக்கு மனமில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். ராஜப்பா இடித்தான். தோளில் கழி பட்டது எனக்குத் தெரியும். பொறு என்று இடது கையால் காட்டினேன். மறுபடி இடித்தான். மறுபடியும் பொறு என்று காட்டினேன். அவன் கழியைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் பெல்ட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துத் தள்ளினான். நான் புதரில் குப்புற விழுந்தேன். எழுந்திருக்கும்போதே "இன்னாடா பண்றே?" என்று அவனைத் திட்டினேன். திட்டிக்கொண்டேதான் திரும்பினேன்.

மரம் நீ எழுதியபடியே நெடுக்காகப் பிளந்திருந்தது. பிளந்த துண்டு பின்னால் எகிறி அவன் நெஞ்சில் அடித்திருக்கிறது. ஹெல்மெட் தலையில் அப்படியே இருந்தது. வாயை அசைத்தான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை. டக்ளஸ் கோலாருக்குக் காரில் கொண்டுபோனார், பாதி வழியில் முடிந்துவிட்டது. அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று சரோஜம்மா என்னிடம் கேட்டாள். காகிதத்தில் எழுதிக் கேட்டாள். பக்கத்தில் இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

போலீசில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். மிஷினை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

சின்னப்பா


ஹூப்ளி
25 ஆகஸ்ட் 2024

ஷாலினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். கோபமாக எழுதி எழுதிப் பார்த்தேன், கோபம் தங்கவில்லை. வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது.

கையுறையை நான் அனுப்பினேன். அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் கேட்காமல் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். என் மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை, உள்ளதை எழுதினீர்கள், தெரியும். சாவியைக் கொடுக்கச் சொன்னதும் நான்தான். இந்த இரண்டையும் நான் சுமந்துதான் ஆக வேண்டும். அதற்கு உங்கள் ஆறுதல் எனக்கு வேண்டாம், என்னிடமும் உங்களுக்குக் கொடுக்க ஆறுதல் இல்லை.

பொறு என்று கை காட்டினேன் என்று எழுதினீர்களே. அந்தக் கையை எனக்குத் தெரியும். எனக்கும் காட்டியிருக்கிறீர்கள். நான் இடிக்க, நீங்கள் பொறு என்று காட்ட, நான் இன்னும் பலமாக இடிக்க, பிறகு சிரித்துக்கொண்டே வருவீர்கள். நானும் வீட்டுக்கு வந்து அதைச் சரோஜம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ராஜப்பா அண்ணனும் கேட்டுச் சிரித்திருக்கிறார். அந்த இடத்தில் இத்தனை வருஷம் நின்றவள் நான். என் காது கேட்டதை நீங்கள் ஒரு நாளும் நம்பவில்லை. உங்கள் கை கேட்டதைத்தான் நம்பினீர்கள். கழியோடு நின்றவள் வெறும் துணைக்கு நின்றவள். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது, அதற்கு ஒரு மனுஷன் செத்துப்போக வேண்டியிருந்தது.

சரோஜம்மாவோடு பேசினேன். என்னைத் திட்டவில்லை. "நீ எப்போ வர்றே?" என்று மட்டும் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். என் அடுப்படிக்கும் அவர் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் புருஷன் உயிரோடு உட்கார்ந்திருக்க, நான் எப்படி அங்கே சோறு பொங்குவேன்?

நான் இங்கேயே இருக்கப் போகிறேன். ஷாலினி இன்னும் நடமாடவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள், அது உண்மையும்தான். மாத்திரைச் சீட்டு அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. கம்பளி மேல் பரணில்.

குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீங்கள் சொன்ன பெயரையே வைத்தாள் ஷாலினி. காது பார்த்தார்கள். அமலாவுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. கதவு சாத்தினால்கூடத் திடுக்கிட்டு அழுகிறாள்.

யசோதா


தங்க வயல்
8 டிசம்பர் 2024

யசோதாவுக்கு,

முன்னால் எழுதியவற்றுக்கும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வரவில்லை என்று குறை சொல்ல எழுதவில்லை. அமலாவுக்குக் காது கேட்கிறது என்று நீ எழுதினாயே, அதை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. கம்பளி பரணில் இருந்தது. வழக்கு கோலாரில் நடக்கிறது, கூப்பிடுகிற அன்று போய் நின்றுவிட்டு வருகிறேன். அங்கே பேசுவதை எனக்கு யாரும் எழுதிக் காட்டுவதில்லை. பக்கத்தில் நிற்கிற ஆள் முழங்கையால் இடித்தால் கையெழுத்துப் போடுகிறேன். இப்போதெல்லாம் ஒரே இடியில் போய்விடுகிறேன்.

மற்ற மரங்களை வேறு ஆட்கள் வந்து இறக்கிவிட்டார்கள். தூரத்தில் நின்று பார்த்தேன். பாதியில் ஒருவன்கூட நிறுத்தவில்லை. முறிந்ததும் மிஷினை அப்படியே போட்டுவிட்டுச் சாய்வாகப் பின்னால் ஓடினார்கள். அவ்வளவுதான் வேலை. அதை எனக்கு நீயும் சொன்னாய், அந்த மேடமும் சொன்னாள்.

சரோஜம்மா சுவரைத் தட்டுவதில்லை. தட்ட வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. உன் ஹெல்மெட்டை ஒரு நாள் நம் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள், துடைத்து வைத்திருந்தாள். உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி நடுவீட்டில் போட்டுவிட்டேன். சுவரில் கை பட்டால் அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நீ வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ எழுதியது சரி, உன் காதை நான் நம்பவில்லை. ஆனால் ஒருவேளை வந்து கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காதே என்று ஒரு பயம் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து நீ திரும்பிப் போய்விடுவாய்.

அதனால் சாயங்கால ரயில் வந்து போகிற நேரத்தில் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருக்கிறேன். காற்று அடித்தால் கதவு பேசுகிறது. எழுந்து திறந்து பார்த்துவிட்டு மறுபடி உட்காருகிறேன்.

சின்னப்பா